தலையணைக்குப் பக்கத்தில் போன், நடு இரவில் விழிப்பு

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 38. உவர்மலையில் இருக்கிறேன். ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் நானும்தான் வீட்டில். கொஞ்சக் காலமாகப் போன் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒருநாள் அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போய்விட்டேன். நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, இடைவேளையில் ஓட்டோ பிடித்து வந்து எடுத்துக்கொண்டு போனேன். பைக்குள் போன் அதிர்வது போல இருக்கும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் நேரம் பார்க்க அதை எடுப்பேன், பிறகு 3 மணி தாண்டியும் பார்த்துக்கொண்டே இருப்பேன். வலது பெருவிரல் அடியில் வலி. கண் எரிகிறது, நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள். கூடப் படிப்பிக்கும் ஒருவர், தான் போடும் தூக்க மாத்திரையில் பாதி தரட்டுமா என்று கேட்கிறார். இது வியாதியா?
வாசகி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரி,

அந்தப் பாதி மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை உங்கள் உடம்புக்குப் பார்த்து எழுதியது அல்ல. தூக்க மாத்திரைகளில் சிலவற்றைத் தொடர்ந்து போட்டால் விட முடியாமல் போய்விடும். அதோடு, நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எழும்ப வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

வியாதியா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் போனுக்கு அடிமையாதல் என்று ஒரு நோய் கிடையாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பில் டிஜிட்டல் விளையாட்டுகளில் கட்டுப்பாடு இழந்துபோகும் கோளாறு இருக்கிறது, உங்கள் கதை அது இல்லை. போன் கையில் இல்லாதபோது வரும் பதற்றத்துக்கு 2008இல் பிரித்தானியாவில் நோமோபோபியா என்று ஒரு பெயர் வைத்தார்கள். பத்திரிகைகளில் அந்தப் பெயர் நன்றாகப் பரவியது, ஆனால் வைத்தியர்கள் அதை ஒரு நோயாக எழுதிக் கொடுப்பதில்லை. சரி, பட்டியலில் இல்லை என்பதற்காக உங்கள் கஷ்டம் இல்லை என்று ஆகிவிடுமா? தூக்கம் கெடுகிறது, கை வலிக்கிறது, வேலை நேரத்தில் வீட்டுக்கு ஓடி வர வேண்டியிருக்கிறது. கட்டாயம் கவனிக்க வேண்டிய விசயம்தான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணவர் கத்தாரில் இருக்கிறார். போனை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. உங்கள் வீட்டில் அந்தப் போன்தான் அவருடைய குரல், மகளுக்கு அப்பாவின் முகம். அதுவும் நம்முடைய ஊரில். போர்க்காலத்தில் பிள்ளை எங்கே என்று தெரியாமல் இருந்த தாய்மார் எத்தனை பேர்! 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு, கிண்ணியாவில் இருந்தவர்கள் மூதூரில் இருந்தவர்களைத் தேடியும், நிலாவெளிக்காரர் பட்டினத்தில் இருந்தவர்களைத் தேடியும் அலைந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தொடர்பு அறுந்துவிடுமோ என்ற பயம் நமக்குச் சும்மா வந்தது இல்லை. அதனால் அந்தப் படபடப்புக்காக வெட்கப்படாதீர்கள்.

ஆனால் அதே போனுக்குள் வேறொன்றும் குடியிருக்கிறது. அவருடைய அழைப்பு வந்ததா என்று பார்க்கத் திறக்கிறீர்கள். அழைப்பு இல்லை, ஆனால் யாரோ ஒரு படம் போட்டிருக்கிறார்கள், வகுப்புக் குழுவில் ஒரு பெற்றோர் நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அதற்குக் கீழே ஒரு வீடியோ. சில தடவை நல்லது கிடைக்கும், பல தடவை ஒன்றும் கிடைக்காது. எப்போது கிடைக்கும் என்று தெரியாததுதான் இதில் விசயமே. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே புறாக்களை வைத்து இதைக் காட்டினார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறாவைவிட, எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறா, தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். அதற்காகப் பிறகு அவரே வெளிப்படையாக வருந்தினார். ஆக, 3 மணி வரை நீங்கள் பார்த்துக்கொண்டு கிடப்பதை மனவுறுதி இல்லாத குணம் என்று நினைத்து உங்களை நீங்களே திட்ட வேண்டாம். நிறுத்த இடமில்லாமல் செய்து வைத்த சாமான் அது.

நான் சொல்லும் வைத்தியம் இதுதான். கணவருக்காகக் காத்திருப்பதையும் மற்றதையும் பிரியுங்கள். இரண்டும் ஒன்றாகப் பிணைந்து கிடக்கும் வரை, ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றதும் போய்விடுமோ என்று மனம் பதறும்.

முதலில் அவரோடு கதைத்து ஒரு நேரம் முடிவு செய்யுங்கள். கத்தார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவர் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அங்கே 9 மணிக்கு எடுத்தால் இங்கே 11.30. நீங்கள் அதுவரை போனும் கையுமாகப் படுக்கையில் கிடப்பீர்கள், பிறகு தூக்கம் எங்கே வரும்? வேலை முடிந்து அறைக்கு வந்ததும், அங்கே 6.30க்கு எடுக்கச் சொல்லுங்கள். இங்கே 9 மணி, மகளும் முழித்திருப்பாள். நீண்ட கதைகளை வெள்ளிக்கிழமைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே பெரும்பாலும் விடுமுறை. அதோடு ஒரு ஒப்பந்தம்: இரவில் அவசரம் என்றால் வட்ஸ்அப்பில் இல்லாமல், நம்பருக்கு நேரடியாக எடுக்க வேண்டும்.

இனி இரவு. போனை ஹோலில் சார்ஜில் போடுங்கள், டேட்டாவை நிறுத்துங்கள், மணிச் சத்தத்தை முழுதாகக் கூட்டி வையுங்கள். அவர் எடுத்தால் படுக்கையறைக்குக் கேட்கும். வேறு யாரும் இரவில் எடுத்துத் தொந்தரவு செய்வார்கள் என்றால், ‘தொந்தரவு செய்யாதே’ என்ற அமைப்பில் அவருடைய நம்பருக்கும் உங்கள் அம்மா வீட்டு நம்பருக்கும் மட்டும் அனுமதி கொடுக்கலாம். நேரம் பார்க்க ஒரு சின்ன அலாரம் மணிக்கூடு வாங்குங்கள், அதையும் முகம் தெரியாமல் திருப்பி வையுங்கள். 2 மணிக்கு விழிப்பு வருவது பெரிய குறை இல்லை, பலருக்கும் வரும். அந்த நேரத்தில் கையில் என்ன எடுக்கிறோம் என்பதில்தான் கெடுகிறது. திரை வெளிச்சம் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் என் எண்ணத்தில், வெளிச்சத்தைவிட அதில் பார்க்கும் விசயம்தான் மனத்தை அதிகம் உசுப்புகிறது. இருபது நிமிடமளவில் தூக்கம் வராவிட்டால் எழும்பி ஹோலில் மங்கலான விளக்கில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். போன் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

பெற்றோர் குழு பற்றி ஒரு வார்த்தை. 2020இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது அந்தக் குழுக்கள்தான் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆசிரியர் இரவு 11 மணிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் அப்போதே ஒட்டிக்கொண்டது. மாலை 7 மணிக்குப் பிறகு பதில் மறுநாள் காலையில்தான் என்று குழுவில் மரியாதையாக ஒரு வரி எழுதிவிட்டு, சத்தத்தை நிறுத்துங்கள். பெற்றோர் இதைப் புரிந்துகொள்வார்கள்.

பை அதிர்வது போலத் தோன்றுவதற்குப் பயப்பட வேண்டாம். 2010இல் அமெரிக்காவில் ஒரு வைத்தியசாலை ஊழியர்களிடம் விசாரித்தபோது 68 சதவீதத்தினர் தங்களுக்கும் அப்படி இருக்கிறது என்றார்கள். அதிர்வை நிறுத்தினாலோ போன் வைக்கும் இடத்தை மாற்றினாலோ பலருக்கு நின்றுபோகிறது.

படபடப்புக்கு ஒரு பயிற்சி. பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு டச்பே கடற்கரைக்குப் போங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு. முதல் நாள் கால் மணித்தியாலம் போதும். கை தானாகப் பையைத் தேடும், நெஞ்சு கொஞ்சம் அடிக்கும். வீட்டுக்கு ஓடாமல் மணலில் உட்கார்ந்திருங்கள். பதற்றம் ஏறும், பிறகு தானாகவே இறங்கும். ஓட்டோ பிடித்து ஓடி வந்த அன்று அது இறங்குவதைப் பார்க்க உங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். மகளுக்கும் அந்த நேரத்தில் அம்மா முழுதாகக் கிடைப்பாள்.

கைக்கு வருவோம். வலது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடுங்கள். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சரியுங்கள். பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு ஓரமாகச் சுள்ளென்று இழுத்தால், பெருவிரல் தசைநார்களைச் சுற்றியுள்ள உறை வீங்கியிருக்கக்கூடும். 1895இல் சுவிஸ் அறுவை வைத்தியர் டி கெர்வெயின் விவரித்ததால் அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறோம். தேங்காய் திருவும்போதும், துணி பிழியும்போதும், கரும்பலகையில் எழுதும்போதும் கூடுதலாக வலிக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு கையால் போனைப் பிடித்து அதே கைப் பெருவிரலால் தள்ளுவதை நிறுத்துங்கள். இடது கையில் பிடித்து வலது ஆட்காட்டி விரலால் தொடுங்கள், நீண்ட செய்தியைக் குரலில் அனுப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். பெருவிரலை அசையாமல் தாங்கும் பட்டை, தேவைப்பட்டால் ஊசி என்று நல்ல வைத்தியம் இருக்கிறது.

கண்ணாடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நீல ஒளி தடுக்கும் கண்ணாடியால் கண் களைப்புக் குறைவதாக, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காணவில்லை. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது, அதனால்தான் எரிச்சல். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்த்து, நன்றாகச் சிமிட்டுங்கள். நாற்பதை நெருங்குகிறீர்கள், கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரிகிறதா என்றும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், போன் கையில் இருக்கும்போதும் நெஞ்சு படபடத்தால், அது வேறு விசயம். தள்ளிப் போடாமல் திருகோணமலை வைத்தியசாலைக்குப் போய் மனநல வைத்தியரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த நிமிடமே 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எடுங்கள், இரவென்றாலும் பரவாயில்லை.

மற்றபடி, இன்றிலிருந்து ஒரு கொப்பியில் படுத்த நேரம், விழித்த நேரம், அன்று பின்னேரம் போன் இல்லாமல் இருந்த நேரம் மூன்றையும் காலையில் குறித்து வாருங்கள். இரண்டு வாரம் முடிந்தும் இரவு 3 மணி வரை விழித்திருப்பது தொடர்ந்தால் அந்தக் கொப்பியையும் கொண்டு வைத்தியரிடம் போங்கள். தைரொயிட், இரத்தசோகை போன்றவற்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.