புழுவெட்டும் காது இரைச்சலும்

கேள்வி: எனக்கு 36 வயது. தீபாவளிக்கு முன்னால் பின்மண்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டி, அந்த இடம் வழுவழுவென்று ஆகிவிட்டது. புழுவெட்டு என்று சொல்லி மாமியார் தினமும் சின்ன வெங்காயம் தேய்த்துவிடுகிறார். இப்போது ஒரு மாதமாக இடது காதில் 'ங்ங்' என்று இரைச்சல். போனை அந்தக் காதில் வைத்தால் குரல் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை. தலையில் இருந்த பூச்சி காதுக்குள் இறங்கிவிட்டது என்கிறார் எதிர்வீட்டு அக்கா. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, டாக்டர்?
— வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் அந்தப் பூச்சியை விரட்டிவிடுவோம். புழுவெட்டில் புழுவே கிடையாது. கிருமியோடு சண்டை போடவேண்டிய நம்முடைய வெள்ளை அணுக்கள், ஆள் தெரியாமல் முடியின் வேர்க்காலைத் தாக்குவதுதான் புழுவெட்டு. வேர்க்கால் செத்துப்போவதில்லை. அதனால் சின்னத் திட்டாக இருந்தால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். நல்ல பெயர் மட்டும் வெங்காயத்துக்கு! அழுத்தித் தேய்த்துத் தோல் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

சரி, காதுக்கு வருவோம். சம்பந்தம் இருக்கலாம். முடிக்குக் கறுப்பு தரும் நிறச் செல்கள், உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவிலும் உண்டு. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதல்ல. ஒலியை நரம்புக்கு அனுப்பத் தேவைப்படும் மின்னழுத்தத்தைக் காப்பது. புழுவெட்டில் அடி விழுவது இந்தச் செல்களுக்கு என்று ஒரு கருத்து உண்டு. திட்டில் நரைமுடி தப்பித்து நிற்பதையும், புது முடி முதலில் வெள்ளையாக வருவதையும் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. புழுவெட்டு உள்ள சிலருக்குக் கீச்சென்ற ஒலிகள் மட்டும் சற்றுக் குறைவாகக் கேட்பதை ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். 'ஸ', 'ஷ' எல்லாம் அந்த ரகம்தான். அவை நழுவினால் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது.

ஆனாலும் உங்கள் காதைப் பார்க்காமல் பழியைப் புழுவெட்டின் தலையில் போடமாட்டேன். குறும்பி அடைத்திருந்தால்கூட இரைச்சல் வரும். அதுவும் ஒரே காதில் வந்தால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போயிருந்தால் ஸ்டீராய்டை இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. நீங்கள் ஏற்கெனவே ஒரு மாதம் தள்ளிவிட்டீர்கள். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெரம்பூரில் ரயில் ஏறினால் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. ஆடியோகிராம் எடுப்பார்கள்: சத்தம் புகாத அறையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, 'கூ' என்று லேசாகக் கேட்டாலும் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். வலிக்காது. தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். புழுவெட்டோடு அது கூட்டாளியாக வருவதுண்டு.

கண் சிவந்து, பார்வை மங்கி, தலைவலியும் சேர்ந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். கண், காது, தோல், முடி நான்கையும் ஒன்றாகத் தாக்கும் அபூர்வமான நோய் ஒன்று இருக்கிறது.

அப்புறம், காது டாக்டரிடம் பின்மண்டைத் திட்டை நீங்களாகவே காட்டுங்கள். கொண்டைக்குள் இருப்பதை அவர் கேட்கமாட்டார்.