முத்திரைக்காகப் போகும் நாடு அல்ல

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு தென் ஆப்பிரிக்கா போகிறோம். அதன் நடுவே லெசோத்தோ என்று ஒரு குட்டி ராஜ்யம் இருக்கிறதாமே. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் பாஸ்போர்ட்டில் இன்னொரு நாட்டு முத்திரை சேரும். ஏழை நாட்டில் அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: முத்திரைக்காக மட்டும் என்றால் போக வேண்டாம். போவதானால் மூன்று இரவாவது தங்குங்கள்.

முதல் நாளைத் தாபா போசியு மலைக்குக் கொடுங்கள். தலைநகர் மசேருவிலிருந்து அதிக தூரமில்லை. உச்சி தட்டை, சுற்றிலும் செங்குத்துப் பாறை. 1824இல் மொஷ்வேஷ்வே என்ற தலைவர், சண்டைகளில் சிதறிய மக்களுக்கு இங்கே இடம் கொடுத்துத்தான் பசோத்தோ இனத்தைக் கட்டி எழுப்பினார். 1865இல் டச்சு வம்சாவளி வெள்ளைக் குடியேறிகளான போயர்களின் படை துப்பாக்கிகளோடு வந்தும் இந்த மலையைப் பிடிக்க முடியவில்லை. ஆனால், கேலிடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த நல்ல விளைநிலம் கைவிட்டுப் போனது. 1868இல் பிரிட்டனின் பாதுகாப்பைப் பெற்று, மிச்சமிருந்த மலைநாட்டை அவர் காப்பாற்றினார். உச்சியில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது.

நிலம் பறிபோன மக்கள் என்ன செய்வார்கள்? ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தென் ஆப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் இறங்கினார்கள். இப்போது தண்ணீரும் அங்கேதான் போகிறது. 185 மீட்டர் உயர காட்சே அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கக் கால்வாய் வழியாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் போய்ச் சேர்கிறது. அதற்கு லெசோத்தோவுக்குப் பணம் வருகிறது, உண்மைதான். ஆனால் அணைக்காக வீட்டையும் வயலையும் விட்டவர்கள் அந்த மலைக்காரர்கள்தான். நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் தங்கினால், அறைக் குழாயில் வருவதிலும் அந்தத் தண்ணீர் கலந்திருக்கும். 'ஏழை நாடு' என்று சொல்லுமுன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, பார்க்க என்ன இருக்கிறது? செமோன்கோங் என்ற மலை ஊருக்குப் போங்கள். மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் ஒரே வீச்சில் விழுகிறது. டிசம்பர் அங்கே மழைக்காலம் என்பதால் தண்ணீர் நிறைய இருக்கும். போகும் வழியில் ஊருக்குள் நடந்து பாருங்கள். வீட்டு வாசலில் நீளக் கம்பில் ஒரு துணி ஆடும். வெள்ளை என்றால் உள்ளே சோளத்தில் காய்ச்சிய பீர், பச்சை என்றால் காய்கறி, சிவப்பு என்றால் இறைச்சி. பலகையும் இல்லை, எழுத்தும் இல்லை. சாப்பாட்டுக்குப் 'பாப்பா' கேளுங்கள்: மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி, தொட்டுக்கொள்ளக் கீரை. நம் வீட்டுக் களி மாதிரியே கையால் கிள்ளிச் சாப்பிடலாம்.

எதிரே வருபவர் ஆண் என்றால் 'டுமேலா, ந்தாத்தே', பெண் என்றால் 'டுமேலா, ம்மே' என்று வணக்கம் சொல்லுங்கள். ந்தாத்தே என்றால் அப்பா, ம்மே என்றால் அம்மா. முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வணக்கம் சொல்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள். போர்வை போர்த்தி ஆடு மேய்க்கும் பையன் உங்கள் படத்துக்காக அங்கே நிற்கவில்லை.

அப்புறம், உங்கள் தென் ஆப்பிரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தென் ஆப்பிரிக்காவிலிருந்து மலையேறி வரும் சானி கணவாய் வழி என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வேண்டும். லெசோத்தோவுக்குள் தென் ஆப்பிரிக்கப் பணமான ராண்ட் செல்லும், ஆனால் அவர்களுடைய பணமான லோட்டி எல்லைக்கு வெளியே செல்லாது. கையில் இருப்பதை அந்த ஊர்க் கடைகளிலேயே செலவழித்துவிட்டு வாருங்கள்.