சிள்வண்டின் சிறகும் முத்துச் சிப்பியும்: உயிர்சார் நனோ ஆய்வு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில், உயர்தர உயிரியல் மாணவி): சேர், இயற்கையைப் பார்த்து நனோ அளவில் என்ன கற்கிறார்கள்? நீர் ஒட்டாத தாமரை இலையைத் தவிர்த்து வேறொன்று சொல்வீர்களா?

பதில்: சிள்வண்டின் சிறகைச் சொல்கிறேன். அவுஸ்திரேலியச் சிள்வண்டு ஒன்றின் சிறகில் ஒட்டும் சூடோமோனாசு பற்றீரியா சில நிமிடங்களிலேயே இறப்பதை, மெல்பேணிலுள்ள சுவின்பேண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் காட்டினார்கள். அச்சிறகில் ஏறக்குறைய 200 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) உயரமுள்ள தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. சிறகில் நஞ்சு இருக்குமோ என்ற ஐயம் எவருக்கும் எழும். ஆகவே அதன்மேல் மிக மெல்லிய பொற்பூச்சு இட்டு, மேற்பரப்பின் இரசாயனத்தை மாற்றிவிட்டு மீண்டும் சோதித்தார்கள். பற்றீரியா அப்போதும் இறந்தது. கொல்வது அத்தூண்களின் வடிவமே என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

கேள்வி (சாவகச்சேரி, தாதிய உத்தியோகத்தர்): அப்படியானால் வைத்தியசாலைக் கருவிகளில் இதனைப் பயன்படுத்தலாமே, ஐயா?

பதில்: முயல்கிறார்கள், ஆனால் கிராம் நேர் எனப்படும் தடித்த சுவருடைய வகைப் பற்றீரியா அந்தச் சிறகில் உயிர்தப்பிவிடுகிறது. தும்பியின் சிறகும், அதையொத்த கூர்முனைகளைக் கொண்ட செயற்கைப் பொருளான கருஞ்சிலிக்கனும் இவ்வகையையும், சூடோமோனாசு போன்ற மெல்லிய சுவருடைய வகையையும் கொல்வது 2013 இல் தெரியவந்தது. எனினும் இறந்த கலங்கள் மேற்பரப்பிலேயே படிந்தால் தூண்கள் மூடுண்டு போகும். செயற்கை மூட்டு போன்ற இடங்களில் உராய்வு அவற்றை முறிக்கவும் கூடும். நோயாளரின் உடலைத் தொடும் பொருளில் அவசரம் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (பருத்தித்துறை, ஆசிரியர்): இதில் முதலிடம் எந்தத் துறைக்கு?

பதில்: எதற்கும் இல்லை. எந்தப் பற்றீரியா இறக்கிறது என்பதை நுண்ணுயிரியல் கூறியது. பொற்பூச்சுச் சோதனை இரசாயனத்தின் பங்கு. தூண்களுக்கு இடையே தொங்கும் பற்றீரியாவின் மென்சவ்வு இழுபட்டுக் கிழிகிறது என்ற விளக்கத்தைப் பௌதிகவியல் தந்தது. உயர்தரத்துக்கு வந்தவுடனே பிள்ளைகளை உயிரியல், கணிதம் என்று பிரித்துவிடுவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

கேள்வி (கரவெட்டி, கணிதப் பிரிவு மாணவன்): யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எதை ஆராயலாம், சேர்?

பதில்: தம்பி, நம் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணக்கல்லும் மன்னார் முத்துச் சிப்பியின் மினுங்கும் உட்பக்கமும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே. சிப்பியிலோ அது ஏறத்தாழ அரை மைக்குரோமீற்றர் தடிப்புள்ள தகடுகளாக அடுக்கப்பட்டு, இடையிடையே மெல்லிய புரதப் படலங்களால் பிணைக்கப்பட்டுள்ளது. வெடிப்பு ஒன்று நேராக ஓட இயலாமல் தகடுக்குத் தகடு திசைமாறுவதால், வெறும் கனிமத்தைவிடச் சிப்பி எளிதில் முறிவதில்லை. அந்த வெடிப்பின் பாதையைக் கணிப்பது உங்கள் கணிதத்துக்கு உரிய வேலை. புரதம் எவ்வாறு அந்தத் தகடுகளை வளரச் செய்கிறது என்பதை அறிய, உயிரியல் படிக்கும் நண்பர் ஒருவரோடு இப்போதே சேர்ந்து படிக்கத் தொடங்குங்கள்.