இரண்டு கறியிலிருந்து நாலு கறிக்கு

கேள்வி: வேலை விஷயமாக அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி போயிருந்தபோது ஒரு பார்பிக்யூ போட்டியில், அமெச்சூர்களுக்கான 'பேக்யார்ட்' பிரிவில், நானும் மச்சானும் சிக்கன், ரிப்ஸ் (பன்றி விலாக்கறி) இரண்டும் வைத்து மூன்றாம் இடம் வாங்கினோம். அடுத்த வருடம் மறுபடி போகிறோம். புரொஃபஷனல் பிரிவில் இறங்கலாமா? அதற்குத் தகுதி ஏதும் வேண்டுமா? பெங்களூரில் எப்படிப் பயிற்சி எடுப்பது?
- வாசகர், அல்சூர்

பதில்: தகுதியென்று எதுவும் இல்லை. கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி விதிப்படி நடக்கும் போட்டிகளில் பெரும்பாலும் கட்டணம் கட்டினால் போதும். அழைப்பு வந்தால்தான் போகமுடியும் என்கிற போட்டிகள் தனி. பிரிஸ்கெட்டை, அதாவது மாட்டு நெஞ்சுக்கறியை, ஒரு தடவையாவது சொன்ன நேரத்துக்குச் சமைத்து முடித்துவிட்டு அப்புறம் பெயர் கொடுங்கள் என்பேன்.

புரொஃபஷனலில் நாலு கறி. வழக்கமாக சிக்கன் 12 மணிக்கு, ரிப்ஸ் 12.30-க்கு, பன்றித் தோள்கறி 1 மணிக்கு, பிரிஸ்கெட் 1.30-க்கு, ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில் நடுவர்களுக்குப் போய்ச் சேரவேண்டும், முன்னே பின்னே 5 நிமிடம் தருவார்கள், தாண்டினால் அந்தக் கறி போச்சு. சிக்கனையும் ரிப்ஸையும் காலையில் ஆரம்பித்துக்கொள்ளலாம். ஆனால் பெரிய கறி இரண்டையும் பலர் முதல் நாள் ராத்திரியே ஸ்மோக்கரில், அதாவது புகையில் மெல்லச் சமைக்கும் அடுப்பில், ஏற்றிவிடுகிறார்கள், காரணம் கறியின் உள்சூடு 65-70 டிகிரி செல்சியஸ் வந்ததும் மேலே ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கறியிலிருந்து ஆவியாகும் ஈரமே அதைக் குளிரவைக்கிறது. புதிதாக வருபவர்கள் பயந்துபோய் தீயைக் கூட்டி மேல்பக்கத்தைத் தீய்த்துவிடுவார்கள். அலுமினிய ஃபாயிலில் சுற்றிவிட்டுக் காத்திருங்கள். 95 டிகிரி பக்கம் வந்தால்தான் பிரிஸ்கெட் இளகும், அதற்குமேல் ஒரு மணி நேரமாவது மூடிய பெட்டியில் ஓய்வும் வேண்டும். இரண்டே பேர் என்பதால் ராத்திரி யார் தூங்குவது, யார் தீயைப் பார்ப்பது என்பதை இங்கேயே பேசி முடிவெடுங்கள் (மச்சான் குறட்டை விடுபவரென்றால் முடிவு சுலபம்).

ஆறு நடுவர்கள், யார் பெட்டியென்று தெரியாமல் 9-லிருந்து கீழே மார்க் போடுவார்கள், குறைந்த மார்க் கணக்கில் வராது. மொத்தத்தில் சுவைக்கே பாதிக்கு மேல், அடுத்து மென்மை, தோற்றத்துக்கு ரொம்பக் குறைவு. ஆகவே பெட்டிக்குள் கொத்தமல்லித் தழை அடுக்குவதற்கு அரைமணி நேரம் செலவழிக்காதீர்கள். நம் காரத்தையும் கொஞ்சம் அடக்குங்கள், அங்கே நாக்கு இனிப்பு சாஸுக்குப் பழகியது. இங்கே பழகும்போது ராத்திரியே மசாலா தடவி ஊறவைக்க வேண்டாம். அங்கே கறியைப் பச்சையாகக் காட்டிப் பரிசோதனை முடிந்த பிறகுதான் மசாலாவில் கை வைக்கலாம்.

பெங்களூரில் தோள்கறிக்குக் கஷ்டமில்லை. பன்றிக்கறிக் கடையில் முதல் நாளே, துண்டு போடாமல் எலும்போடு முழுசாக மூன்று கிலோ வேண்டுமென்று சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் குழம்புக்கு வெட்டிவிடுவார்கள். பிரிஸ்கெட்தான் பாடு. கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி 13 வயது தாண்டிய எருமையைத்தான் அறுக்க முடியும், அந்தக் கறியில் அங்கே கிடைக்கும் கொழுப்பு இருக்காது. ராத்திரி முழுக்கத் தீயைச் சீராக வைத்துப் பழக அது உதவும், பிரிஸ்கெட்டின் பதம் பிடிபடாது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பே போய் அங்கே இரண்டு பிரிஸ்கெட் வாங்கிச் சமைத்துப் பாருங்கள். அதற்கு நேரமில்லையென்றால் அடுத்த வருடமும் பேக்யார்டே போதும்.

கேள்வி: என் கேஸ் கிரில்லைப் போட்டிக்கு எடுத்துப்போகலாமா?
- வாசகி, ஜெயநகர்

பதில்: அந்த சொசைட்டி போட்டியென்றால் முடியாது. விறகு, கரி, மரத்தூள் பெல்லட் இவைதான். கேஸை வைத்துத் தீ மூட்டிக்கொள்ளலாம், ஆனால் அப்போது கறி உள்ளே இருக்கக்கூடாது.