மன்னாரில் கேட்கப்பட்ட ஒரு கணக்கு

கேள்வி: போர் ஓய்ந்த மண்ணில் சமாதானம் வளர மதத் தலைவர்களால் உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா? 'மறப்போம், மன்னிப்போம்' என்று மேடையில் பேசுவதற்கு மேல் அவர்களிடம் எதை எதிர்பார்ப்பது?
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: முதலில் அந்த வாசகத்தைச் சொல்வதை அவர்கள் நிறுத்த வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அவள் சார்பில் மன்னிக்க எந்தக் காவிக்கும் எந்த அங்கிக்கும் உரிமை கிடையாது. அவள் சார்பில் கேள்வி கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும்.

மன்னாரின் கத்தோலிக்க ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு கேட்டார். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவர் முன்வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில், கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) பதிவுப்படி, போர் நடந்த வன்னிப் பகுதியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக ஐ.நா. சொன்னது 282,380 பேர். மீதி 146,679. அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன நடந்தது, தெளிவுபடுத்துங்கள் என்றார். அரச அலுவலகத்தின் எண்ணையும் ஐ.நா.வின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் அவர் செய்தது. அதற்கே எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பது அன்று வடக்கில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 2012இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயரையே விசாரித்தார்கள். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் கண்ணை மூடினார். அந்த மீதிக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே கேள்வியைச் சிங்களத் தெற்கில் ஒரு பௌத்த மகாநாயக்க தேரர் கேட்டிருந்தால் அதன் கனம் வேறு. தன் சனத்திடம் கசப்பானதைச் சொல்லும்போதுதான் ஒரு குருவின் சொல் வேலை செய்கிறது. தமிழர்களாகிய நமக்கும் இது பொருந்தும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பல தலைமுறை வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களைப் பற்றி நம் கோயில் மண்டபங்களில், தேவாலயப் பிரசங்கங்களில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சர்வமதத் தலைவர்கள் சேர்ந்து குத்துவிளக்கேற்றுவதை நான் குறை சொல்லவில்லை. வதந்தி பரவி ஊர் பற்றியெரியும் நேரத்தில் அவர்கள் தோளோடு தோள் நின்று தெருவில் இறங்கினால் உயிர்கள் தப்பும். ஆனால் போர் முடிந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் விளக்கோடு நின்றுவிட்டால் எப்படி?

2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் அருகே படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். விடை கிடைக்காமலே பலர் இறந்தும் போனார்கள். என்ன செய்வதென்று கேட்கிற தேரரோ, குருக்களோ, பாதிரியாரோ, மௌலவியோ, மிஞ்சியிருக்கிற தாய்மாரிடம் போகட்டும். மைக் வேண்டாம். அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த பூசையில், அடுத்த ஜும்ஆவில், அடுத்த போயா (பௌர்ணமி) நாளில் தன் சனத்துக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லட்டும்.