ஆசிரியர்களுக்கான இணையப் பாடப் பொருள்கள்: தேடுவதும் அடுக்குவதும் – கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஆசிரியர் பயிற்சிகளில் கணினிவழிக் கற்பித்தல் வகுப்புகளும் எடுக்கிறேன். இணையத்தில் பாடத்துக்கு உதவும் பொருள்களைத் தேடுவது, சேர்த்து வைப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: மேடம், ஆறாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறேன். லிங்க் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாடம் வரும்போது ஒன்றும் கைக்கு அகப்படுவதில்லை.

நம்மில் பலரும் வீடியோ, வினாடி வினா, விளையாட்டு என்று வகை பிரித்து வைக்கிறோம். வகுப்புக்குள் போகும்போது நாம் தேடுவது வீடியோவை இல்லை, மின்னியலை. அதனால் பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தையே உங்கள் அலமாரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ஷீட் ஒன்று போதும். வகுப்பு, பருவம், பாடம், இது என்ன செய்யும், இணைப்பு, நகல் எங்கே இருக்கிறது, கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது. இவ்வளவுதான் பத்திகள். என் தாளில் மின்னியலுக்கு எதிரே இருப்பதை அப்படியே தருகிறேன். இதில் வரும் பெட் (PhET) என்பது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைகள் (simulation) உள்ள இணையதளம்:

"06, பருவம் 2, மின்னியல். பெட் தளத்தின் மின்சுற்றுப் பாவனை. பேட்டரி, கம்பி, பல்பை இழுத்து இணைக்கலாம். சுவிட்சைத் திறந்தால் எலக்ட்ரான் ஓட்டம் நிற்பது தெரியும். கம்பியைப் பேட்டரியின் இரு முனைக்கும் நேராகக் கொடுத்தால் தீப்பிடிப்பது போலக் காட்டும். பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள், கடைசிக்கு வைக்கவும். நகல்: பென் டிரைவ், 06 கோப்புறை."

நான்காவது பத்தியைச் சோம்பல்படாமல் எழுதுங்கள். 'நல்ல வீடியோ' என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது. எத்தனையாவது நிமிடத்திலிருந்து காட்ட வேண்டும், எந்தக் கேள்வி கேட்டு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் வர வேண்டும். முதலில் உள்ள 06 என்பது ஆறாம் வகுப்பு.

கேள்வி: எங்கள் ஊரில் நெட் நிலையாகக் கிடைப்பதே இல்லை. பெட் எல்லாம் எப்படிக் காட்டுவது?

இறக்கி வைத்துக்கொண்டு காட்டலாம். அது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம். இப்போதுள்ள பாவனைகளை ஒவ்வொன்றாக, ஒரே கோப்பாக இறக்கலாம். பென் டிரைவில் போட்டுப் பள்ளிக் கணினியின் பிரவுசரில் திறந்தால் நெட் இல்லாமலே ஓடும். தமிழாக்கம் ஆனவையும் உண்டு, மொழி வாரியாகத் தேடிப் பாருங்கள்.

நெட் நன்றாக இருப்பவர்களும் நகல் எடுத்து வைக்க வேண்டும். 2020 முடிவில் பிரவுசரில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் நின்றபோது அதில் செய்த பாடங்கள் வகுப்பறைகளிலிருந்து மொத்தமாகப் போயின. கூகுளின் மின்வெண்பலகையான ஜாம்போர்டு 2024 முடிவில் மூடப்பட்டது. பக்கங்களைச் சேமிக்கப் பலர் நம்பியிருந்த பாக்கெட் 2025 ஜூலையில் போனது. லிங்க் மட்டும் வைத்திருப்பவர் கையில் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ் ஆசிரியர்களுக்கு ஏதாவது உண்டா? எல்லாமே அறிவியல், கணக்காக இருக்கிறதே.

உண்மையில் அதிகம் கிடைப்பது உங்களுக்குத்தான். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து இலக்கியங்களை எழுத்து வடிவில் ஏற்றி வருகிறது. வேண்டிய பாடலை வெட்டி ஒட்டி வினாத்தாள் செய்யலாம். அரிய அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம். விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் நிறைய உண்டு. மெய்ப்பு முடியாத பக்கங்களும் அதில் இருக்கும், அதனால் படியெடுக்கும் முன் மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வகுப்புகளுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். படிநிலை வாரியாகத் தமிழ்க் கதைகள், இறக்கலாம், அச்சடிக்கலாம். ஆசிரியர், ஓவியர் பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம்) வருகைப் பதிவு ஏறவில்லை, என்ன செய்வது?

என் துறை இல்லை. வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: உங்கள் ஷீட்டையே அனுப்பினால் உதவியாக இருக்கும் மேடம்.

அனுப்ப மாட்டேன், சார். அது என் வகுப்புக்கு, என் பள்ளிக் கணினிக்கு ஏற்றபடி செய்தது. உங்கள் அடுத்த இரண்டு பாடங்களுக்கு மட்டும் நீங்களே எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: தாள், பத்தி எல்லாம் எதற்கு? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது.

வருகிறது, சரி. எது வருகிறது? யாரோ எங்கிருந்தோ முன்னனுப்பியது. பாடத்திட்டம் மாறும் முன்பு செய்ததா, பின்பா என்று தெரியாது. போன வருடம் வந்ததைத் தேடிப் போனால் அந்தக் கோப்பு இப்போது இல்லை, அனுப்பியவரிடம் கேளுங்கள் என்று காட்டும். அனுப்பியவர் பணி ஓய்வு பெற்றிருப்பார்.

அவரே மீண்டும்: குழு என்றால் உறவு, மேடம். கேட்டவருக்குக் கொடுத்து உதவுகிறோம். ஷீட் அதைச் செய்யுமா?

செய்யாது. குழுவை விடச் சொல்லவும் இல்லை. ஆனால் உங்கள் குழுவில் பதில் சொல்பவர்கள் யார் என்று பாருங்கள். அதே நாலைந்து பேராகத்தான் இருக்கும். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் பதில் சொல்லி அவர்கள் களைத்துப்போகிறார்கள். குழுவுக்கென்று ஒரு தாளைப் பகிர்ந்து, வந்ததில் பயன்பட்டதை மட்டும் ஏற்றுங்கள். அந்த நாலு பேருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

வேறொருவர்: எங்களிடம் லேப்டாப்பே இல்லை, போன்தான். போனில் வாட்ஸ்அப்தான் எளிது. ஷீட் எல்லாம் வசதி உள்ள பள்ளிக்கு.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, டீச்சர். போனில் ஏழு பத்தி பார்ப்பது கஷ்டம். நீங்கள் வகுப்பு, பாடம், குறிப்பு, இணைப்பு என்று நான்கோடு நிறுத்துங்கள். ஷீட் செயலியில் அந்தக் கோப்பை 'ஆஃப்லைன்' என்று குறித்துவிட்டால் நெட் இல்லாதபோதும் திறக்கும். அதுவும் வேண்டாமென்றால் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். பாடத்தோடு சேர்ந்து இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

கேள்வி: வினாடி வினாவுக்கு இலவசத் தளம் ஒன்று சொல்லுங்கள். பிள்ளைகள் பெயர், போன் நம்பர் கேட்கிறது, கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. பெயருக்குப் பதில் வரிசை எண் போடச் சொல்லுங்கள். 2023-இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கூகுள் ஃபார்மே போதும், மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மேடம், ஷீட் லிங்க் ப்ளீஸ்.

மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: பத்து வருட வினாத்தாள்கள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. கணினியில் 'ஒளிச்சேர்க்கை' என்று தேடினால் ஒன்றுகூட வரவில்லை.

வராது. அந்தக் கோப்புக்குள் கிடப்பவை தமிழ் எழுத்துகளே இல்லை. வேறு குறியீடுகளை எழுத்துரு தமிழாகக் காட்டுகிறது. தமிழைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டும் பள்ளிகளில் இந்தப் பழக்கம் போகவில்லை. என்எச்எம் மாற்றி போன்ற இலவச மென்பொருளில் பழைய எழுத்துருவைத் தேர்ந்து, உரையை ஒட்டி, யூனிகோடாக மாற்றுங்கள். கணக்கு வாய்பாடுகளும் ஆங்கில எழுத்துகளும் இடையில் வந்தால் அவையும் சேர்ந்து உருமாறும், அந்த வரிகளைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். பத்து வருடத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். இந்தப் பருவத்துப் பாடங்களை முதலில் மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள், இன்னொரு கோப்புறையில் அப்படியே இருக்கட்டும்.