காலைல விரல் மடங்கலையா? முடக்குவாதம்: வாசகர் கேள்வி பதில்

முடக்குவாதம், அதாங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே சொந்த மூட்டை அடிக்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் நோய் பத்தி போன இதழ்ல எழுதினதுல இருந்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா வந்து குவியுது, டைப் பண்ண விரல் வராதவங்கதான் பாதிப்பேர், அதுவே கதையை சொல்லிடுது. முதல்ல ஒண்ணு, நான் டாக்டர் இல்ல. இந்த நோயோட பல வருஷமா குடித்தனம் நடத்துறவ, அவ்ளோதான். மருந்து சம்பந்தப்பட்ட பதிலை எல்லாம் ஒரு ரூமட்டாலஜி டாக்டர், அதாவது இந்த மாதிரி மூட்டு வாத நோய்க்கான ஸ்பெஷலிஸ்ட், படிச்சு திருத்தின பிறகுதான் இங்க போடுறோம்.

அக்கா, எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. ரெண்டு மூணு மாசமா காலைல எழுந்தா விரல் எல்லாம் விறைச்சுக்குது, ஆவின் பாக்கெட்டை கத்தரிக்க கத்தரிக்கோல் பிடிக்க முடியல, பல்லால கடிச்சு கிழிக்கிறேன். ஒன்பது மணிக்கு மேலதான் கை கொஞ்சம் நம்ம பேச்சு கேக்குது. மோதிரம் கழட்ட வரல. முடக்குவாதமான்னு பாக்குற ஆர்ஏ ஃபேக்டர் ரத்த டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். வீட்டுக்காரர் வயசாகுதுல்லன்னு சொல்றார். தெரு முனை மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி போட்டுட்டு ஓட்டிட்டு இருக்கேன். — பெரம்பூர் வாசகி

நாப்பத்திரெண்டு ஒரு வயசாம்மா? உங்க வீட்டுக்காரர்கிட்ட இந்த பக்கத்தை அப்படியே காட்டுங்க.

மூட்டுத் தேய்மானத்துலயும் காலைல பிடிச்சுக்கும்தான், ஆனா எழுந்து நாலு நடை நடந்து ஒரு காபி போட்டு குடிக்கிறதுக்குள்ள விட்டுடும், பெரும்பாலும் அரை மணி நேரத்தை தாண்டாது. முடக்குவாதத்துல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு இழுக்கும். அப்புறம் எந்த மூட்டுன்னு பாருங்க. விரலோட அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, பாதத்துல விரல் அடி, இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்குதுன்னா சந்தேகப்படணும். நகத்துக்கு பக்கத்துல இருக்கிற கடைசி மூட்டை இந்த நோய் பொதுவா தொடாது.

டெஸ்ட் நெகட்டிவ்னா நோய் இல்லன்னு அர்த்தம் கிடையாது. முடக்குவாதக்காரங்க நூறு பேரை எடுத்தா இருபது முப்பது பேருக்கு அந்த ஃபேக்டர் நெகட்டிவாவே வரும். தலைகீழாவும் நடக்கும், ஒரு நோயும் இல்லாத வயசானவங்களுக்கு பாசிட்டிவ் வந்து வீடே கலவரமாகும். ஆன்டி-சிசிபின்னு இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது இன்னும் நம்பகமானது. கூடவே உடம்புல அழற்சி எவ்ளோ இருக்குன்னு காட்டுற இஎஸ்ஆர், சிஆர்பி ரத்த டெஸ்ட். ஆரம்பத்துல எக்ஸ்ரே சுத்தமா நார்மலா கூட இருக்கலாம், அதை வச்சு நிம்மதி ஆகிடாதீங்க. இன்னொண்ணு, இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடும் காய்ச்சல் வந்துச்சான்னு யோசிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. சிக்குன்குனியா வந்துட்டுப் போன மூட்டு வலி மாசக்கணக்கா நின்னு அச்சு அசல் முடக்குவாதம் மாதிரியே நடிக்கும், 2006ல ஊரே நொண்டினது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இப்ப அந்த வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் வகையறா வலியை அமுக்கும், நோயை தொடாது. உங்களுக்கு வலி இல்லாத அந்த ஆறு மணி நேரத்துலயும் உள்ள எலும்பு அரிச்சிட்டேதான் இருக்கும், மாசக்கணக்கா டாக்டர் கண்ல படாம போட்டா வயித்துல புண்ணு, கிட்னிக்கு கேடு, பிபி ஏறும், இதெல்லாம் கொசுறு. அரிச்ச எலும்பு திரும்ப முளைக்காது, அதனால முதல் சில மாசம்தான் தங்கம். எலும்பு டாக்டர்கிட்ட போறதை விட ரூமட்டாலஜிஸ்ட்கிட்ட போங்க. தனியார் கட்டுப்படி ஆகலன்னா பெரம்பூர்ல ட்ரெயின் ஏறினா சென்ட்ரல், எதிர்ல ஜிஎச், அங்க ரூமட்டாலஜிக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு. காலைலயே போயிடணும், பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, முடிஞ்சா விரல் வீங்கி இருக்கிற காலை நேரத்துல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு போங்க. டாக்டர் பாக்குற பதினோரு மணிக்கு வீக்கம் வடிஞ்சு போயிருக்கும், அப்ப எதைக் காட்டுவீங்க?

அம்மாவுக்கு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதியிருந்தாங்க, வாரத்துக்கு ஒரு தடவைன்னு. அம்மா அதை தினமும் ஒண்ணுன்னு நினைச்சு அஞ்சு நாள் போட்டுட்டாங்க. இப்ப வாய் எல்லாம் புண்ணு, சாப்பிட முடியல. கூகுள்ல பாத்தா கேன்சர் மருந்துன்னு போட்டிருக்கு, பயமா இருக்கு. நிறுத்திடலாமா? — அம்பத்தூர் வாசகர்

இந்த தம்பி மெசேஜ் வந்த அன்னைக்கே போன் பண்ணி, உடனே பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு மாத்திரை அட்டையோட கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டோம், அம்மா அட்மிட் ஆகி இப்ப வீட்டுக்கு வந்துட்டாங்க. மத்தவங்களுக்காக போடுறேன், தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டா ரத்த அணு மளமளன்னு விழும், வாய்ப்புண் வர்றதுதான் பல சமயம் முதல் எச்சரிக்கை, உயிரே போன கேஸ் உலகம் பூரா இருக்கு. ஃபோலினிக் ஆசிட்னு இதை முறிக்கிற மருந்து உண்டு, ஆனா சீக்கிரம் போனாத்தான் பலன். வாய்ப்புண்ணுக்கு பி காம்ப்ளெக்ஸ் வாங்கி போட்டுட்டு உக்காந்திருந்தா அவ்ளோதான்.

எங்க வீட்டு முறை என்னன்னா, மாத்திரை அட்டை பின்னாடி மார்க்கர்ல பெருசா 'ஞாயிறு'ன்னு எழுதி, தினசரி மாத்திரை டப்பாவுல போடாம தனியா ஒரு சம்படத்துல வைக்கிறது. வாங்கும்போது மில்லிகிராம் பாருங்க, 2.5, 5, 7.5, 10, 15ன்னு பல அளவுல வருது, போன மாசம் 2.5ல மூணு மாத்திரை போட்டவங்க இந்த மாசம் கடைக்காரர் 7.5 குடுத்தாருன்னா பழக்கதோஷத்துல மூணு போட்டுடுவாங்க.

கேன்சருக்கும் இதே மருந்துதான், உண்மை. ஆனா அங்க குடுக்கிற அளவு வேற, இங்க வாரத்துக்கு 7.5ல இருந்து 25 மில்லிகிராமுக்குள்ள. இந்த மருந்து கதையில நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு, பலருக்குத் தெரியாது. பீமாவரத்துல இருந்து வந்து நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் கோட்டு போட்டுட்டு வந்தாருன்னு வெள்ளைக்கார புரொஃபசர் கடுப்பாகி அவருக்கு எம்பிபிஎஸ் கிடைக்கல, அதை விட கீழ்ப்பட்ட எல்எம்எஸ் பட்டம்தான் கிடைச்சுது. அவரு அமெரிக்கா போயி லெடர்லி மருந்து கம்பெனியில ஆராய்ச்சித் தலைவரா இருந்தப்போ அவர் டீம்தான் ஃபோலிக் ஆசிட்டையும் செயற்கையா தயாரிச்சுது, அந்த ஃபோலிக் ஆசிட்டை முடக்குற மெத்தோட்ரெக்சேட்டையும் தயாரிச்சுது. அதாவது ஞாயித்துக்கிழமை நாம போடுற மாத்திரையும், அதோட பக்கவிளைவு குறைய மத்த நாள்ல போடுற குட்டி ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் ஒரே ஆளோட பட்டறை. 1948லயே காலமாயிட்டார் மனுஷன், முடக்குவாதத்துக்கு இதை அமெரிக்கால அதிகாரபூர்வமா அனுமதிச்சது 1988லதான்.

நிறுத்தணுமான்னு கேட்டீங்க. அதை டாக்டர் முடிவு பண்ணட்டும், அம்மா ரத்தம் எல்லாம் சரியானதும் அவரே சொல்வார். பொதுவா இந்த மருந்து வேலை செய்ய ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் ஆகும், மூணாவது வாரத்துலயே 'ஒண்ணும் கேக்கல'ன்னு தூக்கிப் போடுறவங்கதான் எனக்கு வர்ற மெசேஜ்ல அதிகம். ஆரம்பத்துல அடிக்கடி, அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்த அணு, லிவர், கிட்னி நிலவரம் சொல்ற கிரியாட்டினின் பாத்தே ஆகணும். குடி கூடாது. யூரின் இன்ஃபெக்ஷனுக்கு வேற டாக்டர்கிட்ட போனா நான் மெத்தோட்ரெக்சேட் போடுறேன்னு முதல் வரியிலயே சொல்லிடுங்க, கோட்ரைமாக்சசோல்னு ஒரு மாத்திரை இதோட சேர்ந்தா ஆபத்து.

கல்யாணமாகி ரெண்டு வருஷம். மெத்தோட்ரெக்சேட்தான் போட்டுட்டு இருக்கேன், மாமியாருக்கு என் நோய் தெரியும், 'மாத்திரையை விட்டாத்தான் புள்ள தங்கும்'னு தினம் சொல்றாங்க. — தாம்பரம், பெயர் வேண்டாம்

மாமியார் சொல்றது பாதி சரி, அதான் சிக்கலே. மெத்தோட்ரெக்சேட் போடும்போது கரு நிக்கவே கூடாது, குழந்தைக்கு ஊனம் வரலாம், கலையலாம். ஆனா விடுறதை நீங்களா விடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம்னு டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க, அவர் அதை நிறுத்திட்டு ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் மாதிரி கர்ப்பத்துலயும் தொடரக்கூடிய மருந்துக்கு மாத்தி, நோய் அடங்கி இருக்கான்னு பாத்து, ஒண்ணுல இருந்து மூணு மாசம் இடைவெளி விட்டு பச்சைக்கொடி காட்டுவார். அது வரைக்கும் கருத்தடை அவசியம். லெஃப்ளூனமைடுன்னு இன்னொரு முடக்குவாத மாத்திரை போடுறவங்கன்னா அது உடம்பை விட்டுப் போகவே ரொம்ப காலம் பிடிக்கும், அதுக்கு தனி சிகிச்சை இருக்கு.

நல்ல சேதி ஒண்ணு, கர்ப்ப காலத்துல பாதிப்பேருக்கு மேல வலி தானா குறையும். பிரசவம் ஆனதும் சில வாரத்துல திரும்ப கிளம்பும், அதுக்கு மட்டும் வீட்டுல ஆள் ஏற்பாடு இருக்கட்டும். மாமியாரையே அதுக்கு புக் பண்ணிடுங்க.

ஒரு வைத்தியர் பொட்டலத்துல பொடி தர்றார், பேரெல்லாம் சொல்ல மாட்டார். ரெண்டே நாள்ல வலி போச்சு, இங்கிலீஷ் மருந்து எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இப்ப மூஞ்சி உப்பிப் போச்சு, சுகர் வேற காட்டுது. முடக்கத்தான் தோசையும் தினமும் சாப்பிடுறேன். — வியாசர்பாடி வாசகர்

அண்ணா, முடக்கத்தான் தோசை தாராளமா சாப்பிடுங்க, தக்காளி சட்னியோட நல்லா இருக்கும், அதுல ஒண்ணும் ஆகாது. நோய் குணமாகும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

பொடிதான் வில்லன். பேரில்லாத மருந்து ரெண்டு நாள்ல வலியை துடைச்சு எடுத்துச்சு, மூஞ்சி நிலா மாதிரி ஆச்சு, சுகர் ஏறுதுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு சந்தேகப்படணும். ஸ்டீராய்டு கெட்டதுன்னு சொல்லல, எங்க டாக்டரும் ஆரம்பத்துல மத்த மருந்து பிடிக்கிற வரைக்கும் குறைஞ்ச அளவுல குறைஞ்ச காலத்துக்கு குடுப்பார். கணக்கில்லாம போனாத்தான் எலும்பு மெலியும், கண்ணுல புரை விழும், சுகர் வரும். ஆனா முக்கியமான விஷயம், இதைப் படிச்சிட்டு இன்னைக்கே பொடியை சட்டுன்னு நிறுத்திடாதீங்க, ரொம்ப நாள் ஸ்டீராய்டு போன உடம்பு அதை தானா சுரக்கிறதை குறைச்சிருக்கும், திடீர்னு விட்டா பிபி இறங்கி மயங்கி விழுந்துடுவீங்க. பொட்டலத்தோட நாளைக்கே டாக்டரைப் பாருங்க, படிப்படியா குறைப்பாங்க.

சித்தா வேணும்னா முறையா போங்க, தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, அரும்பாக்கத்துல அரசு ஆஸ்பத்திரி இருக்கு, படிச்ச டாக்டர் பேர் எழுதி மருந்து தருவாங்க. ரெண்டு பக்கமும் என்ன சாப்பிடுறோம்னு ரெண்டு டாக்டருக்கும் தெரியணும், அவ்ளோதான்.

உருளைக்கிழங்கு, புளி, கத்திரிக்காய் எல்லாம் வாயு, தொடாதேங்கிறாங்க. — மயிலாப்பூர் வாசகி

சாப்பிடுங்க. யூரிக் ஆசிட்ல வர்ற கவுட் வேற, இது வேற. ஒண்ணு சாப்பிட்டா உங்களுக்கு வலி கூடுதுன்னு தோணினா அதை மட்டும் விடுங்க. நிஜமா இந்த நோயை வளர்க்கிறது சிகரெட்டுதான், வீட்டுல யாராவது ஊதினா அவங்களை வாசலுக்கு அனுப்புங்க.

கேள்வி இல்லைங்க, அனுபவம். வீட்டுல திருகுற குழாயை எல்லாம் மாத்தி நீட்டமா கைப்பிடி வச்ச லீவர் குழாய் போட்டேன், முழங்கையால தட்டினாலே தண்ணி வருது. குடத்துக்கு பதிலா சின்ன பக்கெட். சாவியில மொத்தமா துணி சுத்தி வச்சிருக்கேன். தாழ்தளப் பஸ் வந்தா மட்டும் ஏறுவேன், மத்ததை விட்டுடுவேன். — வடபழனி வாசகி

இதுக்கு பதிலே தேவையில்ல. மிக்ஸி ஜார் மூடிக்கு ரப்பர் கையுறை போட்டு திறந்து பாருங்க, இது என் பங்கு.

மாத்திரை கேக்கல, பயாலஜிக் ஊசி போடணும்ங்கிறாங்க. அதுக்கு முன்னாடி எதுக்கு டிபி டெஸ்ட்? எனக்கு இருமலே இல்லையே. — கொளத்தூர் வாசகர்

நம்ம ஊர்ல நிறைய பேர் உடம்புல டிபி கிருமி தூங்கிட்டு இருக்கும், எதிர்ப்பு சக்திதான் அதை அமுக்கி வச்சிருக்கு. முடக்குவாதத்துல அந்த எதிர்ப்பு சக்திதான் தறிகெட்டு சொந்த மூட்டையே அடிக்குது, ஊசி அதை அடக்குறப்போ காவல் தளர்ந்து டிபி முழிச்சுக்கும். அதனால நெஞ்சு எக்ஸ்ரே, தோல்ல ஊசி போட்டுப் பாக்குற மான்டூ டெஸ்ட் இல்லன்னா இக்ரா ரத்த டெஸ்ட் எடுத்து, தூங்குற கிருமி இருந்தா அதுக்கு முதல்ல மாத்திரை குடுத்துட்டு ஊசியை ஆரம்பிப்பாங்க. டெஸ்ட் வேண்டாம், நேரா ஊசி போடலாம்னு யாராவது சொன்னா அங்க போடாதீங்க. ஹெபடைடிஸ் பி, சி டெஸ்டும் கேப்பாங்க, அதுவும் இதே காரணம்தான். விலைக்கு பயப்படாம நம்ம நாட்டுல தயாராகுற பயோசிமிலர், அதாவது அதே ஊசிக்கு ஈடான மருந்து, இருக்கான்னு கேளுங்க, ஒரிஜினலை விட கம்மி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரியில இருக்கிற காப்பீட்டு கவுண்டர்ல, டாக்டர் எழுதின சீட்டோட போய் உங்க மருந்து பேரைச் சொல்லி கேளுங்க, ஊசி வாங்கினப்புறம் இல்ல, வாங்குறதுக்கு முன்னாடி.